தரப்படுத்தல்: ஒரு சொல்லும் மூன்று கணக்குகளும்

மேற்கு சிட்னியில் நடந்த ஒரு நூல் வெளியீட்டில் பேசவந்த பெரியவர் ஒருவர் ‘எல்லாம் தரப்படுத்தலில்தான் தொடங்கியது’ என்று தன் பேச்சை ஆரம்பித்தார். மண்டபத்தில் இருந்த ஐம்பது அறுபது தலைகளும் ஒருசேர அசைந்தன. பழக்கதோஷத்தில் என்னுடைய தலையும் அசைந்தது. அந்தத் தலையசைப்பில் ஒரு பொய் இருந்தது என்பதை அன்றிரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் இதனை எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தவன். 1980களின் பிற்பகுதியில், பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட இடமொன்றில் பல்கலைக்கழகம் புகுந்தவன். அகில இலங்கைத் திறமை வரிசை ஒன்றே அளவுகோலாக இருந்திருந்தால் எனக்கு இடம் கிடைத்திராது. பின்னர் விரிவுரையாளனாகி, முதலாம் வருட மாணவருக்குப் புள்ளிவிபரவியல் படிப்பித்தேன். நியமமாக்கல் என்ற பாடத்தைக் குறைந்தது பதினைந்து தடவையாவது கரும்பலகையில் எழுதியிருப்பேன். ஆங்கிலத்தில் அந்தப் பாடத்தின் பெயரும், அந்தப் பெரியவர் சொன்ன சொல்லின் மூலமும் ஒன்றே. அப்படியிருந்தும் அன்று நான் வாய் திறக்கவில்லை.

‘தரப்படுத்தல்’ என்று நாம் சொல்லும்போது மூன்று வேறுவேறு கணக்குகளை ஒரே பெயரால் அழைக்கிறோம் என்பதே என் வாதம். அவற்றில் ஒன்று கணக்கே அல்ல, இன்னொன்று பிழையான இடத்தில் போடப்பட்ட சரியான கணக்கு. மூன்றாவது முற்றிலும் வேறானதொரு கேள்விக்கான விடை. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால் எமது வரலாற்றில் சிலருடைய அனுபவம் எழுதப்படாமலே போய்விட்டது.

1

முதலில் கணக்கு.

இரண்டு வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள், இரண்டு வினாத்தாள்கள். முதல் வகுப்பின் புள்ளிகளின் இடை 50. இரண்டாவது வகுப்பின் இடை 40. இரண்டிலும் புள்ளிகள் இடையைச் சுற்றி ஒரேயளவில் பரந்திருக்கின்றன. அந்தப் பரம்பலின் அளவு, அதாவது நியம விலகல், 10. முதல் வகுப்பில் ஒரு பிள்ளை 65 எடுக்கிறது, இரண்டாவதில் ஒரு பிள்ளை 58. யார் கெட்டிக்காரர்?

புள்ளியியலாளர் செய்வது இதுதான். ஒவ்வொரு பிள்ளையின் புள்ளியிலிருந்தும் அந்தந்த வகுப்பின் இடையைக் கழிக்கிறோம். வருவதை அந்த வகுப்பின் நியம விலகலால் வகுக்கிறோம். 65 எடுத்த பிள்ளைக்கு 1.5 வருகிறது. 58 எடுத்த பிள்ளைக்கு 1.8. இரண்டையும் இடை 50, நியம விலகல் 10 என்ற பொது அளவுக்குக் கொண்டுவந்தால் முதற்பிள்ளைக்கு 65, இரண்டாம் பிள்ளைக்கு 68. பின்னால் நின்றவர் முன்னால் வந்துவிட்டார். இது நியமமாக்கல். நியம விலகல் என்ற அளவுக்கு ஆங்கிலப் பெயரைச் சூட்டியவர் லண்டன் பேராசிரியர் கார்ல் பியர்சன். 1894இல் அது அச்சில் வந்தது. இன்று இலங்கையில் இசெட் புள்ளி என்று பிள்ளைகள் உச்சரிப்பது, நான் மேலே கழித்து வகுத்துப் பெற்ற அந்த 1.5, 1.8 ஆகிய எண்களைத்தான்.

கணக்கு இவ்வளவே. ஆனால் கணக்கு ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. அதைச் சூத்திரம் சொல்வதில்லை. இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் மொத்தத்தில் சமமான ஆற்றலுடையோர், 50க்கும் 40க்கும் இடையிலான வேறுபாடு வினாத்தாளிலோ திருத்தியவரின் கையிலோதான் இருக்கிறது என்று நாம் ஏற்றுக்கொண்டால் மாத்திரமே 58ஐ 68 ஆக்குவது நியாயம். வேறுபாடு பிள்ளைகளின் படிப்பிலேயே இருந்தால், அதே சூத்திரம் உண்மையான ஒரு வேறுபாட்டை அழித்துவிடும். இரண்டில் எது உண்மை என்பதை அந்த எண்களிடம் கேட்டு அறியமுடியாது. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

இந்தச் சாட்சி என்ற விடயத்தை நான் விரிவுரை மண்டபத்தில் சரியாக விளக்கியதில்லை. இங்கே தொழிற்சாலையில்தான் அது எனக்குக் கண்முன் தெரிந்தது. நாங்கள் 500 கிராம் பைக்கற்றுகள் அடைக்கிறோம். இரண்டு நிரப்பும் வரிசைகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு தராசு. ஒருநாள் முதல் வரிசையின் சராசரி 503 ஆகவும் இரண்டாவதின் சராசரி 498 ஆகவும் வந்தது. புதிதாக வந்த பொடியன் ஒருவன் ‘இரண்டாம் தராசில் ஐந்தைக் கூட்டிவிட்டால் சரிதானே’ என்றான். பல வருடங்களாக அந்த வரிசையில் நிற்கும் வியட்னாமியப் பெண் ஒருவர் பேசாமல் ஒரு பைக்கற்றை எடுத்து முதல் தராசில் வைத்தார், பிறகு அதையே இரண்டாவதில் வைத்தார். இரண்டிலும் ஒரே எடை. தராசில் பிழையில்லை, பைக்கற்றில்தான் குறைவு. தராசில் ஐந்தைக் கூட்டியிருந்தால் நாங்கள் கடைக்காரரை ஏமாற்றியிருப்போம்.

ஒரே பைக்கற்றை இரண்டு தராசிலும் வைத்துப் பார். நியமமாக்கல் பற்றி நான் படித்த புத்தகங்கள் அத்தனையின் சாரமும் அதுதான். இனி இக்கட்டுரை முழுவதும் அந்தப் பைக்கற்றைத் தேடிக்கொண்டு போவோம்.

2

சொல்லுக்கு வருவோம். இலங்கையின் கணிதப் பாடநூல்களில் இந்தச் செயலுக்கு ‘நியம’ என்ற அடி வழங்கிவந்தது. நியம விலகல், நியம வடிவம், நியம அலகு. தமிழ்நாட்டில் இதனையே திட்ட விலக்கம் என்பார்கள். நியமம், திட்டம் இரண்டும் ஒரு பொது ஒழுங்கைக் குறிப்பவை. ஒன்று மற்றதைவிட உயர்ந்தது, தாழ்ந்தது என்ற கருத்து அவற்றில் இல்லை.

‘தரம்’ அப்படியல்ல. தரமான சாமான், தரங்கெட்ட பேச்சு, முதல்தரம், மூன்றாந்தரம் என்று அது மேலும் கீழுமாக அடுக்குகின்ற சொல். பரீட்சையின் பெயரிலேயே ‘கல்விப் பொதுத் தராதரப் பத்திரம்’ என்று அது இருக்கிறது. 1970களில் பத்திரிகைகளும் மேடைகளும் ‘தரப்படுத்தல்’ என்ற சொல்லை எடுத்தபோது, ‘எங்களைத் தரம் பிரித்தார்கள், தரம் குறைத்தார்கள்’ என்ற பொருள் கேட்பவர் காதில் தானாகவே சேர்ந்துகொண்டது. அரசியலுக்கு அது பொருத்தமான சொல்தான், ஏனெனில் நடந்தது பெரும்பாலும் அதுவே. ஆனால் ஒரு சொல் அத்தனை பொருத்தமாக அமைந்துவிட்டால், அது தனக்கு அருகில் இருப்பவற்றையும் விழுங்கிவிடும்.

3

நடந்தவற்றை வருட ஒழுங்கில் பார்ப்போம்.

1970 மே மாதம் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அதற்கு முன்னர் க.பொ.த. உயர்தரத்தில் நான்கு பாடங்களின் மொத்தப் புள்ளி, நானூறுக்கு எவ்வளவு என்பதே விஞ்ஞான பீடங்களுக்கான அனுமதியைத் தீர்மானித்தது. தமிழ்மொழி மூலம் தோற்றியோர் பொறியியலில் ஏறத்தாழ அரைவாசி இடங்களைப் பெற்றுவந்தனர். தமிழ்ப் பரீட்சகர்கள் தம் பிள்ளைகளுக்கு அள்ளிப் போடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரிக்கப்பட்டது, நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் 1971 அனுமதிக்கு மொழிமூலத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி வந்தது. மருத்துவத்துக்குச் சிங்கள மூலம் 229, தமிழ் மூலம் 250. பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மூலம் 227, தமிழ் மூலம் 250.

இது முதலாவது கணக்கு. உண்மையில் இங்கு கணக்கு எதுவும் இல்லை. இடையும் இல்லை, விலகலும் இல்லை. ஒரு வாசலில் இரண்டு உயரத்தில் படி கட்டியதுதான். தமிழ் மாணவர் பேரவை 1970இலேயே வீதிக்கு வந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இதனைப் பாரபட்சம் என்று பச்சையாகச் சொல்லலாம். தரப்படுத்தல் என்று அழைப்பது அதற்கு இல்லாத ஒரு விஞ்ஞானச் சட்டையைப் போட்டுவிடுவதாகும்.

1973இல் இரண்டாவது கணக்கு வந்தது. இப்போது உண்மையாகவே நியமமாக்கல். ஒவ்வொரு மொழிமூலத்தின் புள்ளிகளும் ஒரு பொது அளவுக்கு மாற்றப்பட்டன. ஒவ்வொரு மொழியிலும் பரீட்சைக்குத் தோற்றியோர் எத்தனை பேரோ, அந்த விகிதத்தில் தகுதிபெறுவோர் தொகையும் அமைவதே இதன் விளைவு. வகுப்பறை உதாரணத்தில் நான் செய்த அதே கழித்தல், அதே வகுத்தல். அதே நிபந்தனையும் உள்ளே இருந்தது: இரண்டு மொழிமூலப் பிள்ளைகளும் சராசரியில் சமம், வேறுபாடு திருத்துபவரின் கையில். அதாவது, விசாரணையில் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு, நிரூபிக்கப்பட்டதாகச் சூத்திரத்துக்குள் எழுதப்பட்டுவிட்டது. யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை. கழித்தல் குறி அதைச் சொல்லிவிடும்.

பைக்கற் எங்கே? ஒரு நூறு விடைத்தாள்களை மொழிபெயர்த்து மற்ற மொழிப் பரீட்சகரிடம் கொடுத்துத் திருத்துவித்திருந்தால் அது பைக்கற். கணித விடைத்தாளுக்கு மொழிபெயர்ப்புக்கூட அதிகம் தேவையில்லை. அந்தச் சூத்திரத்தில் அப்படி ஒரு படி இல்லை. சாட்சி இல்லாத நியமமாக்கல், தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு வழக்கை நடத்துவதற்குச் சமம்.

1974இல் மூன்றாவது வந்தது. மொழிவாரித் தரப்படுத்தலின் மேல் மாவட்ட ஒதுக்கீடும் ஏற்றப்பட்டது. மாவட்டத்தின் சனத்தொகைக்கு ஏற்ப இடங்கள். யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. பொறியியலில் தமிழர் பங்கு ஆறிலொன்றுக்கும் கீழே இறங்கியது. அந்த ஆண்டுதான் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகமும் திறக்கப்பட்டது.

ஒதுக்கீடு என்பது நியமமாக்கல் அல்ல. அது புள்ளிகளைத் தொடுவதில்லை. 58 என்பது 58தான், தராசு சரி, திருத்தியவர் நேர்மையானவர் என்று அது ஏற்றுக்கொள்கிறது. அதன் கேள்வி வேறு: ஆய்வுகூடம் இல்லாத, இரசாயனவியல் ஆசிரியர் மூன்றாந் தவணையில் வந்து சேர்ந்த ஒரு பாடசாலையில் எடுத்த 58ம், நூறு வருடப் பழமையுள்ள கல்லூரியில், மாலையில் இரண்டு இடத்தில் ரியூசன் படித்து எடுத்த 65ம் பிள்ளையைப் பற்றி ஒரே செய்தியைச் சொல்கின்றனவா? நியமமாக்கல் அளவுகோலைச் சந்தேகிக்கிறது. ஒதுக்கீடு அளவுகோலை நம்பிக்கொண்டு, பிள்ளை புறப்பட்ட இடத்தைப் பார்க்கிறது. முன்னதில் ஒரு குற்றச்சாட்டு உண்டு. பின்னதில் ஒரு கடன்.

அந்தக் கடன் நேர்மையாகத் தீர்க்கப்பட்டது என்று நான் சொல்லவரவில்லை. மொழிவாரித் தரப்படுத்தலோடு சேர்த்தே அது கொண்டுவரப்பட்டதும், பின்தங்கியமையை அளக்க மாவட்டம் என்ற பெரிய முகத்தல் அளவை எடுத்துக்கொண்டதும் அதன் நோக்கத்தைச் சந்தேகிக்க வைக்கின்றன. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. குளத்துக்குக் கீழே குடியேறிய கூலி விவசாயியின் பிள்ளை, ஒரு கோடு எங்கே போகிறது என்பதனால், முன்னேறிய மாவட்டத்துப் பிள்ளையாகக் கணிக்கப்பட்டது. முல்லைத்தீவு 1978இல் தனி மாவட்டமானது. அந்தக் கோட்டுக்கு இப்பால் பிறந்ததனால் எனக்குக் கதவு திறந்தது. யாழ்ப்பாணத்துக்குள்ளேயே, பள்ளிக்கூட வாசலில் சாதியால் மறிக்கப்பட்ட தகப்பனின் மகனுக்கும், வேலியில்லாமல் படித்த தகப்பனின் மகனுக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. எந்தத் தொகுதியின் இடை, எந்தத் தொகுதியின் பங்கு என்பதை யார் கோடு கீறுகிறாரோ அவர்தான் தீர்மானிக்கிறார். புள்ளிவிபரவியலில் எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி அதுதான்.

1977 ஆட்சி மாற்றத்தின்பின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு வீதங்கள் மாறி மாறி இன்றும் இருக்கிறது: திறமைக்கு 40, மாவட்ட அடிப்படைக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 சதவீதம். பின்தங்கியவை என்ற அந்தப் பட்டியலில் இன்று பதினாறு மாவட்டங்கள் உள்ளன. யாழ்ப்பாணமும் அவற்றில் ஒன்று. 1974இல் அந்த ஒழுங்கை எதிர்த்து எழுந்த மாவட்டத்தின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று அதன் வழியாக உள்ளே போகிறார்கள்.

4

என் பெரியம்மாவின் மகன் வடமராட்சியில் பிறந்தவர். 1970களின் நடுவில் பரீட்சை எடுத்தார். சில வருடங்களுக்கு முன்னர் கிடைத்திருக்கக்கூடிய பொறியியல் இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டாந்தரமும் எடுத்தார், அதுவும் இல்லை. பிறகு லண்டன், அதன்பிறகு மெல்பேர்ண். எழுபது வயதாகிறது. இக்கட்டுரையை எழுதத் தொடங்கமுதல் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

‘அண்ணை, நான் கோட்டாவிலதான் போனனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?’

‘தெரியாமலென்ன. குஞ்சம்மா அப்பவே சொன்னவ. என்ர இடத்தை எடுத்து உனக்குத் தந்தவங்கள் எண்டு நான் பகிடியா நினைக்கிறனான்.’

‘உங்கட இடம் வேற வருசம், வேற பீடம், அண்ணை.’

‘கணக்கு எனக்கும் தெரியும் தம்பி. நான் கேக்கிறது வேற. நீ படிச்சது எனக்குச் சந்தோசம். ஆனா என்னட்ட ஆரும் வந்து, முல்லைத்தீவில ஒரு பிள்ளைக்கு லாம்பு வெளிச்சம்கூட இல்லை, நீ கொஞ்சம் விட்டுக்குடு எண்டு கேக்கேல்லை. நீ கள்ளப் புள்ளி எடுத்தனீ எண்டெல்லோ சொன்னவங்கள்.’

அவர் சொன்னதைவிடத் துல்லியமாக இரண்டாவது கணக்கையும் மூன்றாவது கணக்கையும் நான் எந்த விரிவுரையிலும் பிரித்துக்காட்டியதில்லை. அவரைப் புண்படுத்தியது ஒதுக்கீடு அல்ல, கழித்தல் குறிக்குள் இருந்த அந்தக் குற்றச்சாட்டு. அதே நேரத்தில், பல்கலைக்கழக விடுதியில் எங்களைக் ‘கோட்டாக்காரர்’ என்று யாழ்ப்பாணத்துச் சகமாணவர்கள் அழைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. நாங்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டோம். தமிழர் அனைவரையும் பாதித்தது என்று மேடையில் சொல்லப்பட்ட ஒன்றினால் நாம் பயனடைந்தோம் என்று சொல்வது துரோகம்போல் இருந்தது. மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இருந்து வந்தவர்கள், முஸ்லிம் மாணவர்கள் என எத்தனைபேர் அந்த மௌனத்தைச் சுமந்தார்கள்! ஒரு சொல் அகலமாக விரிக்கப்பட்டபோது அதன் கீழே மறைந்துபோனவர்கள் நாங்கள்.

5

இந்த நாட்டில் எம்மவர் இதே கணக்கை வேறொரு பெயரில் சந்திக்கிறார்கள். ‘ஸ்கேலிங்’. தூங்காபியிலும் ஹோம்புஷிலும் தமிழ்ப் பெற்றோர் இருவர் சந்தித்தால் மூன்றாவது வசனத்தில் அந்தச் சொல் வந்துவிடும். என்னோடு இரவு ஷிப்ற்றில் வேலைசெய்யும் ஒருவர் தேநீர் வேளையில் கேட்டார்: ‘சேர், மகள் எச்.எஸ்.சி.க்குத் தமிழும் எடுக்கப்போறாளாம். ஸ்கேலிங்கில விழுத்திப்போடுவாங்கள் எண்டு சொல்லுகினம். உண்மையே?’

நியூ சவுத் வேல்ஸில் நடப்பது இது. பாடசாலை தரும் புள்ளி ஒரு பாதி, பொதுப் பரீட்சை மறுபாதி. ஒரு பாடசாலை தாராளமாகப் போடலாம், இன்னொன்று கஞ்சத்தனமாகப் போடலாம். ஆகவே ஒவ்வொரு பாடசாலையின் புள்ளிகளும் அதே பிள்ளைகள் பொதுப் பரீட்சையில் எடுத்த புள்ளிகளோடு ஒத்துப்பார்க்கப்பட்டுத் திருத்தப்படுகின்றன. பாடசாலைக்குள் இருந்த வரிசை மாறுவதில்லை. இங்கே பைக்கற் இருக்கிறது: அதே பிள்ளை, இரண்டு தராசு.

அடுத்தது, பல்கலைக்கழக அனுமதிக்கான ஏ.ரி.ஏ.ஆர். என்ற நிரல்நிலை. 2009இல் இந்தப் பெயர் வந்தது. அதற்குமுன் வேறு பெயர்களில் இருந்தது. இதற்கு இரசாயனவியலையும் தமிழையும் ஓவியத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இரசாயனவியல் எடுத்த பிள்ளைகள் தம் மற்றப் பாடங்களில் எப்படிச் செய்தார்கள்? அதுதான் இரசாயனவியலின் இடையைத் தீர்மானிக்கிறது. அந்த மற்றப் பாடங்களின் இடைகளும் இப்படியே தீர்மானிக்கப்படுவதால், எல்லாப் பாடங்களுக்குமான சமன்பாடுகளை ஒருமிக்கத் தீர்க்கவேண்டும். கணனிக்கு அது ஒரு கணப்பொழுது வேலை. இங்கும் சாட்சி அதே பிள்ளைதான். எனவே இது 1973இன் கணக்கைவிட நேர்மையான கணக்கு என்று தயங்காமல் சொல்வேன்.

நேர்மையான கணக்குக்கும் எல்லை உண்டு. அண்மையில் வந்துசேர்ந்த அகதிப் பிள்ளைகள் தமிழை எடுக்கிறார்கள் என்று வைப்போம். அவர்களுடைய ஆங்கிலம் இன்னும் தளர்வு. மற்றப் பாடங்களிலும் அது தெரியும். சூத்திரம் அதனைப் பார்த்துத் தமிழ் எடுத்த கூட்டத்தின் இடையைக் கீழே வைக்கும். அது தமிழின் பெறுமதியைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் ஏறிவந்த தூரத்தைப் பற்றியும் சொல்லவில்லை. அளவுகோல் சரியாக இருக்கையில் புறப்பட்ட இடத்தைப் பார்ப்பது வேறொரு கேள்வி என்று முன்னர் சொன்னேனே, அதே கேள்வி இங்கு மீண்டும் எழுகிறது.

விக்டோரியா மாநிலம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அங்கே பாடப்புள்ளியின் இடை 30, நியம விலகல் 7 என்று அமைத்து, பின்னர் பாடங்களை ஒப்பளவுக்கு மாற்றுகிறார்கள். ஆங்கிலம் தவிர்ந்த மொழிப்பாடங்களுக்கு மட்டும், அரசாங்கக் கொள்கைப்படி, இடையில் ஐந்து கூட்டப்படுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சரியாக ஐந்து என்றல்ல, பாடத்தின் இடைக்கு ஐந்து. மொழிகளைப் படிக்க ஊக்குவிப்பதற்காக இதைச் செய்கிறோம் என்று அவர்கள் பகிரங்கமாகவே சொல்கிறார்கள். கணக்கை ஒரு பக்கமும் கொள்கையை மறுபக்கமும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கொள்கையோடு ஒருவர் வாதிடலாம், வாக்களிக்கலாம், மாற்றலாம். கொள்கையைக் கழித்தல் குறிக்குள் ஒளித்துவைத்தால் அதோடு வாதிட முடியாது.

நண்பருக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது: ‘மகளுக்குத் தமிழ் விருப்பமெண்டால் எடுக்கட்டும். விருப்பமில்லாத பாடத்தை ஸ்கேலிங்குக்காக எடுத்து 60 வாங்கிறதைவிட, விரும்பின பாடத்தில 85 வாங்கிறது எந்தச் சூத்திரத்திலும் நட்டமில்லை.’ இதில் முழு உண்மை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தேநீர் இடைவேளை பத்து நிமிடம்தான்.

6

இலங்கைக்குத் திரும்புவோம். 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து அனுமதி இசெட் புள்ளியில் நடைபெறுகிறது. இப்போது நியமமாக்கப்படுவது மொழியல்ல, பாடம். பௌதிகவியலுக்குத் தோற்றிய எல்லோரும், எந்த மொழியில் எழுதினாலும், ஒரே தொகுதி. கடினமான பாடம் எடுத்த பிள்ளை அதனால் நட்டப்படக்கூடாது என்பது நோக்கம். பேராதனைப் பேராசிரியர் தட்டில் முன்வைத்த இந்த முறையை நானும் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். மாணவர்களில் சிலர் ‘சேர், இதுவும் தரப்படுத்தல்தானே?’ என்று கேட்டார்கள். கணிதப்படி ஆம். வரலாற்றின்படி அல்ல. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்கு எம்மிடம் சொல் இருக்கவில்லை.

2011ஆம் ஆண்டுப் பரீட்சையின் இசெட் புள்ளியே நீதிமன்றம் போயிற்று. அவ்வாண்டு பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதிய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் தோற்றின. இரண்டு வினாத்தாள்கள், இரண்டு தொகுதிகள். இரண்டையும் கலந்து புள்ளி கணித்தார்கள். மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2012 ஜூனில் உயர்நீதிமன்றம் அந்தக் கணிப்பை நிராகரித்து, இரண்டையும் வெவ்வேறு தொகுதிகளாகக் கொண்டு மீளக் கணிக்கும்படி கட்டளையிட்டது. ‘எந்தத் தொகுதியின் இடை?’ என்ற கேள்விக்கு ஒரு நாட்டின் அதியுயர் நீதிமன்றம் விடை சொல்லவேண்டியிருந்தது. 1973இல் அந்தக் கேள்விக்கு அமைச்சின் மேசையில் விடை எழுதப்பட்டது.

அமெரிக்காவிலும் இது நடந்திருக்கிறது. அங்கே அரச வேலைவாய்ப்புச் சேவை 1981 முதல் ஒரு திறன்பரீட்சையின் புள்ளிகளை கறுப்பர், ஹிஸ்பானியர், ஏனையோர் என்று அவரவர் கூட்டத்துக்குள் நிரல்படுத்தி வெளியிட்டது. எண்கணிதத்தில் இலங்கையின் 1973ஆம் ஆண்டு முறைக்கு நெருங்கிய உறவு. ஆனால் அங்கே பயன் ஒடுக்கப்பட்டோருக்கு, எங்கள் நாட்டில் பெரும்பான்மைக்கு. 1991ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டம் அதனைத் தடைசெய்தது. சூத்திரத்துக்குச் சார்பு இல்லை. அதை யார் எதற்காக எடுக்கிறார் என்பதில்தான் சார்பு என்று சொல்ல ஆசைதான். ஆனால் சாட்சியில்லாமல் கூட்டம் கூட்டமாகக் கழிக்கும் எந்த முறையும், நல்ல நோக்கத்துக்காயினும், யாரோ ஒருவரின் நேர்மையைச் சந்தேகித்தே தொடங்குகிறது என்பதையும் மறுக்கமுடியவில்லை.

என் மகள் இங்கே கணனி விஞ்ஞானம் படிக்கிறாள். இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையில், கொடுக்கிற தரவுகளை முதலில் நியமமாக்க வேண்டும். அது ஒரே வரிக் கட்டளை. ஒருநாள் அவளுடைய திரையைப் பார்த்து ‘எந்தத் தொகுதியின் இடையைக் கழிக்கிறாய்?’ என்று கேட்டேன். ‘அது வெறும் ஆயத்த வேலைதானே அப்பா, எல்லாரும் செய்யிறதுதான்’ என்றாள். 1973இல் அந்தச் சூத்திரத்தை எழுதிய அதிகாரியும் வீட்டில் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அவளிடம் சொன்னேன். அவளுக்கு 1973 என்றால் என்னவென்று தெரியாது. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இருந்து, இங்கு எழுதியிருப்பதில் பாதியை அவளுக்குச் சொன்னேன். வங்கிக் கடனுக்கும் வேலைக்கும் அகதி விண்ணப்பத்துக்கும் மனிதரை எண்ணாக்கி அடுக்கும் நிரல்களை நாளைக்கு எழுதப்போவது அவளுடைய தலைமுறை. அந்த ஒரு வரிக்கு முன்னால் ஒரு கணம் நின்று, பைக்கற் எங்கே என்று அவள் கேட்பாளானால் அதுவே போதும்.

7

முடிவாக, மூன்று சிறு விண்ணப்பங்கள்.

கணிதச் செயலுக்கு நியமமாக்கல் என்ற சொல்லையே வைத்திருப்போம். அது தூய்மையான சொல், எங்கள் பாடநூலிலேயே வேர் உள்ள சொல். தரப்படுத்தல் என்பதை 1973இல் மொழிவாரியாகச் செய்யப்பட்டதற்கு ஒரு வரலாற்றுப் பெயராக விடுவோம். 1974க்குப் பின் வந்ததை மாவட்ட ஒதுக்கீடு என்று அதன் பெயரால் அழைப்போம். அதன் நன்மை தீமைகளைத் தனியாக விவாதிப்போம்.

இப்படிப் பிரிப்பதால் எமது வழக்குப் பலவீனப்படும் என்று சிலர் அஞ்சக்கூடும். நான் அப்படி எண்ணவில்லை. 1971இன் இரண்டு வெட்டுப்புள்ளிகளும் 1973இன் கழித்தல் குறியும் தம்மளவிலேயே போதிய சாட்சிகள். அவற்றுக்குத் துணையாக, ஒட்டுசுட்டானில் இருந்து வந்த ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போனதையும் குற்றப்பத்திரிகையில் சேர்க்கத் தேவையில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பெரியவர் மீண்டும் ‘எல்லாம் தரப்படுத்தலில்தான் தொடங்கியது’ என்று ஆரம்பித்தால், நான் எழுந்து ‘ஐயா, எந்தத் தரப்படுத்தல்?’ என்று கேட்பதாக இருக்கிறேன். மெல்பேர்ணில் இருந்து அண்ணையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் நான் எந்தக் கதவால் உள்ளே போனேன் என்பதை இந்தமுறை அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே சொல்வேன்.